அளவுச் சட்டை

எனக்கு அடைசல் ஆகாது. வீட்டில் ஒரு காலி டப்பா சும்மா கிடந்தால்கூட எனக்குக் கை அரிக்கும். மூடி தொலைந்த தண்ணீர்ப் பாட்டில், ஒற்றைச் செருப்பு, கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை, போன வருஷத்துக் காலண்டர், எதுவாக இருந்தாலும் என் கண்ணில் பட்ட அன்றைக்கே வெளியே போய்விடும். "அசந்து கொஞ்ச நேரம் உக்காந்தா என்னையும் தூக்கி வெளிய வெச்சுருவா" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பெண்களுக்கு மட்டும்தான் தைப்பேன். என் கடையில் வெட்டுத்துணி ஒரு துணுக்கு தரையில் கிடக்காது.

இப்படிப்பட்டவளுக்கு எதிர்வீடாக வாய்த்தவர் பாப்பாயி அக்கா.

அவர் வீடு ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு. அந்த ஒரே அறையில் ஓடாத ஏர்கூலர், பிடி உடைந்த பிளாஸ்க், லாரி ஸ்டேரிங்குக்குப் போட்டுக் கழற்றிய உறை, குதிகால் தேய்ந்த செருப்பு, ஷேவிங் சாமான் வைத்த பிஸ்கட் டின், பாட்டுப் பெட்டி ஒன்று. அதுவும் பாடாது. மேலே அட்டாலி என்கிற பரண் முழுக்கச் சாக்கு. உட்கார வேண்டுமென்றால் எதையாவது நகர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும். "இதெல்லாம் எதுக்குங்க்கா? ஒரு நாளைக்கு நான் வந்து அத்தனையும் வாரிக் கொட்டப் போறேன் பாருங்க" என்பேன். "கொட்டு, கொட்டு. கையை ஒடிச்சுப் போடறேன்" என்று சிரிப்பார். சிரிப்பு வாயில்தான் இருக்கும். கண் அந்தப் பிளாஸ்க்கின் மேல் இருக்கும்.

கீழே கிடந்த அத்தனையும் அவருடைய வீட்டுக்காரர் தங்கமுத்து புழங்கிய பொருள்கள்.

தங்கமுத்து லாரி டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தி, குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளீனரிடம் சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான். லோடு போய்ச் சேர்ந்தது. வேறு ஒரு டிரைவர் ஏறி வண்டியும் ஊர் வந்து சேர்ந்தது. கேபினில் இருந்த அவருடைய பை, சட்டை, லுங்கி, பிளாஸ்க் எல்லாம் பத்திரமாக வந்தன. ஆள் மட்டும் வரவில்லை. அக்கா அந்த ஊருக்கே போய், பாஷை தெரியாத ஊரில் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ரயிலடி என்று போட்டோவைக் காட்டித் தேடிவிட்டு வந்தார். அப்போது மகள் சௌமியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கல்யாணமாகி ஆட்டையாம்பட்டியில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு துப்பும் இல்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால், காரியத்தன்று அவர் உடுத்திய துணி, படுத்த பாய், தலையணை எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். அப்படி வெளியே போன துணி மறுபடி வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது. வந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். தங்கமுத்துவின் பங்காளிகள் ஒருநாள் கூட்டமாக வந்து, "எத்தன நாளைக்கும்மா இப்படியே கெடப்ப? மாவுல உருவம் புடிச்சு வெச்சாவது செய்யறதைச் செஞ்சுரலாம்" என்றார்கள். அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "அவரு துணி இந்த ஊட்டுக்குள்ள இருக்குது. துணி இருக்கற வரைக்கும் அவரும் இருக்கறாரு. டம்ளரை வெச்சுட்டுக் கெளம்புங்க." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தத் துணிகளை ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை கீழே இறக்கி, யாரும் உடுத்தாத அந்தத் துணிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து மறுபடி மேலே வைப்பார். எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரமாக வரும், தண்ணீர் வராத நாளில்கூட இதற்கு ஒரு குடம் போகிறதே என்று. "போட்டவங்க துணியே இங்க துவைக்க ஆளில்ல" என்பேன். ஒரு காக்கிச் சட்டையைக் காட்டி அவர் சொல்லுவார்: "இது அவரோட அளவுச் சட்டை சாமி. இது இல்லாட்டி அவரு வந்தா எதை வெச்சுப் புதுசு தெக்கறது?"

தையல்காரியிடம் சொல்கிற பேச்சு அது. அளவுச் சட்டை என்றால் என்னவென்று எனக்கு விளக்கவேண்டியதில்லை. டேப் வைத்து உடம்பில் அளவெடுக்கக் கூச்சப்படுகிறவர்கள், நேரில் வர முடியாதவர்கள், நன்றாகப் பொருந்துகிற பழைய துணி ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதைப் பார்த்துத் தைப்போம். ஆள் இல்லாமலே ஆளின் அளவு தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர் காணாமல் போன பிறகு அக்கா பிழைப்புக்குப் பிடித்த வேலை, வேஸ்ட்டு வெட்டுவது. எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். லாரிப் பட்டறையில் கிரீஸ் கையைத் துடைக்க, இன்ஜினைத் துடைக்க, பெயின்ட் அடிக்கும் முன்னால் பாடியைத் துடைக்கத் துணி வேண்டும். அந்தத் துணிக்குப் பேர்தான் வேஸ்ட்டு. ஊர் ஊராகப் போய்ப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் சேர்த்துக் கொண்டுவருவதை முதலைப்பட்டிப் பக்கம் குடோன் வைத்திருக்கிற ரஹமத்துல்லா பாய் மொத்தமாக எடுப்பார். அதில் எண்ணெய் குடிக்கிற பருத்தித் துணியைத் தனியாகப் பொறுக்க வேண்டும். பட்டன், கொக்கி, ஜிப் எல்லாம் நறுக்கி எறிய வேண்டும், இல்லையென்றால் வண்டி பெயின்ட்டில் கோடு விழும். அப்புறம் கைக்கு அடக்கமாக வெட்டிக் கட்ட வேண்டும். அது வேஸ்ட்டு, விலை போகிற சரக்கு. எண்ணெய் குடிக்காத பாலியஸ்டர் சேலை, காக்கி, நைலான் எல்லாம் கழிசல். கழிசல் செங்கல் சூளைக்கு எரிக்கப் போகும்.

ஆகவே பாப்பாயி அக்கா வாயில் வேஸ்ட்டு என்பது நல்ல வார்த்தை. என் மகனை, "நீ ஒரு வேஸ்ட்டுடா" என்று நான் திட்டினால், "நல்லதைத்தானே சொல்றா, ஏன் சாமி அழுவற?" என்று அவனைத் தேற்றுவார். குடோனில் வெட்டியது போக, ஒரு மூட்டையை வீட்டுக்கும் எடுத்துவந்து வெட்டுவார். வெட்டிக் கட்டிய சாக்குகளை எலி கடிக்காமல் இருக்க அட்டாலியில் ஏற்றிவைப்பார். பாயின் டெம்போ வந்தால் இறக்கிக் கொடுப்பார். என் கடையில் மிஞ்சுகிற பருத்தித் துணுக்குகளையும் அவர்தான் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வேலையில் உட்கார்ந்து அவர் பார்க்காத துணியில்லை. ஒரே முறை உடுத்திய பட்டு ரவிக்கை, லேபிள் பிரிக்காத குழந்தைச் சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், கொஞ்சமும் சாயம் போகாத சேலை. "முன்னயெல்லாம் துணி கிழிஞ்சு வரும்னு சொல்லுவாங்க. இப்பக் கிழிஞ்சு வர்றதில்ல பிரபா, சலிச்சு வருது" என்பார். இறந்தவர்களின் துணியை மட்டும் அவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். அது ஒருத்தருடைய துணியாக மொத்தமாக வரும். துவைத்திருக்கும். யாரோ ஒழுங்காக மடித்து வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று கையில் வந்தால், "நல்லபடியாப் போங்க சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கத்தரியை வைப்பார். நான் கேலி செய்திருக்கிறேன். அவர் அந்த வார்த்தையை விட்டதில்லை.

போன வருஷம் கோடையில் சௌமியா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். ஹாஸ்டலில் படித்து, சேலத்தில் வேலை பார்த்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனவள். இந்த வீட்டில் சேர்ந்தாற்போல நாலு நாள் இருந்ததே குறைவு. வந்த வாரமே ஏர்கூலருக்கு அடியிலிருந்து ஒரு தேள் வெளியே வந்தது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான்தான் விளக்குமாற்றால் அடித்தேன். அடித்த கையோடு நானும் விடவில்லை: "பச்சக் கொழந்தை வரப்போற ஊடுங்க்கா இது." அக்கா தலையை ஆட்டினார். மறுநாள் ஏர்கூலரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சௌமியா அம்மாவை வற்புறுத்தவில்லை. "அம்மாவா மனசு வந்து சொன்னாத்தான் எடுக்கோணுங்க்கா. நானா தொட்டா அவங்க தாங்க மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். அப்படி யோசிக்கத் தெரிந்தவள்.

அன்றைக்குக் காலையில் அக்கா என் கடையில் உட்கார்ந்து துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையில் துணி இருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எதிர்வாசலை மறைத்து டெம்போ வந்து நிற்க, அதைச் சுற்றிக்கொண்டு வர முடியாமல் சௌமியா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, பாய் டெம்போ வந்து நிக்குது. அட்டாலி மேல இருக்கற வேஸ்ட்டையெல்லாம் எறக்கிக் குடுத்துரட்டுங்களா?"

"குடுத்துரு சாமி. நீ மேல ஏறிப்போடாத. டெம்போக்காரரையே ஏறி எடுத்துக்கச் சொல்லு."

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையுந்தான். வேஸ்ட்டை ஊட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"சரிங்மா" என்று சௌமியா சொன்னபோது குரல் கம்மியிருந்தது. "நெறமாசமல்லோ, பேசினாவே மூச்சு வாங்குது" என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி துணுக்கைப் பொறுக்கினார். நானும் காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை. அக்கா சொன்னது தன் சரக்கை. சௌமியா கேட்டது ஊர் உலகம் வேஸ்ட்டு என்று எதைச் சொல்லுமோ அதை. ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு சாக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். செருப்பில்லை. "பிரபா, வண்டியை எடு" என்றார். ஏன் எதற்கு என்று கேட்கிற முகமாக அது இல்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்போடு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

வழியில், என் தோளைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னார். போனபோது வீடு பினாயில் வாசமடித்திருக்கிறது. அட்டாலி துடைத்து விட்டாற்போல் இருந்திருக்கிறது. சௌமியா அதற்குக் கீழே அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தவள், அம்மாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா துணியெல்லாம் ஒருதடவை பிரிச்சு, மடிச்சு வெச்சுத்தாம்மா குடுத்தேன். நீங்களே குடுத்துருன்னு சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றிருக்கிறாள்.

"நீங்க என்னங்க்கா சொன்னீங்க?"

"பால் வாங்கீட்டு வாரேன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "நெறமாசக்காரிகிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

அவர் விரல் என் தோளில் அழுந்திக்கொண்டே வந்தது. நான் எவ்வளவு முறுக்கியும் வண்டி போவதாகவே தெரியவில்லை.

குடோனில் டெம்போ சரக்கை இறக்கி முடித்திருந்தது. ரஹமத்துல்லா பாய் வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய மனுஷர், ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர். அக்கா சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் உள்ளே ஓடி, "கத்தரியைக் கீழ வைங்கம்மா எல்லாரும்" என்று சத்தம் போட்டார். வெட்டுகிற பெண்கள் நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் கை வேகமான கை. அக்காவே பழக்கிவிட்ட கை. வெள்ளைச் சாக்கு காலியாக ஒரு மூலையில் கிடந்தது. நீலக்கட்டம் போட்ட லுங்கி, பனியன்கள், துண்டு எல்லாம் கைக்கு அடக்கமான துண்டுகளாக மற்ற துணிகளோடு கலந்து குவிந்து கிடந்தன. அக்கா அந்தக் குவியலின் முன்னால் உட்கார்ந்து, ஒரு நீலக்கட்டத் துண்டை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கீழே வைத்துவிட்டார்.

பாய் தானே கழிசல் குவியலுக்குள் இறங்கித் தேடினார். சூளைக்குப் போக வேண்டிய சேலைகளையும் திரைச்சீலைகளையும் இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டார். கடைசியில் அந்தக் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். காக்கி எண்ணெய் குடிக்காது என்பதால் யாரும் அதில் கத்தரி வைக்காமல் கழிசலில் வீசியிருக்கிறார்கள். ஒரு பட்டன்கூடப் போகவில்லை. சௌமியா மடித்த மடிப்பு பாதி அப்படியே இருந்தது.

"அல்லா காப்பாத்தினான்மா. எடுத்துட்டுப் போங்க" என்று பாய் ஒரு புதுப் பையில் அதைப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அளவுச் சட்டையே கிடைத்துவிட்டது, மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கேட்டிலேயே நிற்கிறார்.

"இதை எப்படி ஊட்டுக்குள்ள கொண்டுபோறது பிரபா?" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கோபம் தலைக்கு ஏறியது. "அது செத்தவங்க துணிக்குங்க்கா. இவரு காணாமப் போனவரு. உங்களுக்கென்ன பைத்தியமா?"

"காணாமப் போனவருதான். துணி ஊட்டுல இருந்த மட்டும் காணாமப் போனவரு. எம்புள்ள தன் கையால மடிச்சு, வாசலைத் தாண்டிக் குடுத்துட்டா. செய்யறதைச் செய்யின்னு இத்தன வருசம் கேட்டாங்க, மாட்டேன்னேன். இன்னைக்கு ஆருமே கேக்காம அது நடந்து போச்சு." அவர் அழவில்லை. வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு பேசினார். "எனக்கு மட்டும்னா நான் பாக்க மாட்டேன், மடியில கட்டிக்கிட்டு வந்துருவேன். வயித்துப்புள்ளக்காரி உள்ள இருக்கறா. வெளிய போன துணியை அவ இருக்கற ஊட்டுக்குள்ள கொண்டுபோயி, நாளைக்கு அந்தச் சிசுவுக்கு ஒண்ணுன்னா?"

"அப்படின்னா என் கடையில வெச்சுக்கறேன், குடுங்க."

"உன்னதும் ஊடுதானே சாமி. உனக்கும் பையன் இருக்கறான்."

நான் சண்டை போட்டேன். பாயும் சொல்லிப் பார்த்தார். இதையெல்லாம் நம்புகிறவளும் இல்லை நான். ஆனால் ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பிறக்காத பேரக்குழந்தை என்று நிற்கிற ஒரு மனுஷியிடம், நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

அக்கா மறுபடி உள்ளே போனார். தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தார். "கழிசல்ல போட உடமாட்டேன் பாய். சூளையில எரியறதுக்கு அவரு என்ன பாவம் பண்ணினாரு? வேஸ்ட்டுல சேத்துக்கங்க."

"காக்கி எண்ணெய் குடிக்காதுங்களேம்மா" என்றார் பாய், மெதுவாக.

"இது குடிக்கும். நான் துவைச்ச துவைக்கு."

பக்கத்தில் இருந்த எண்ணெய் டப்பாவில் விரலைத் தொட்டுச் சட்டையின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டு நிற்கவில்லை. அப்படியே உள்ளே இறங்கி அகலமாகப் பரவியது. அமாவாசை அமாவாசையாகத் துவைத்துத் துவைத்து அந்த முரட்டுக் காக்கி வேட்டித் துணிபோல இளகிப் போயிருந்தது. பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கத்தரியை எடுத்தார். வைக்கப் போனவர் நிறுத்திவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"டேப்பு வெச்சிருக்கறயல்லோ, அளவெடுத்துக்க."

நான் கழுத்தில் கிடந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"அளவெடு சாமி. வெட்டீட்டா அப்புறம் எதை வெச்சுத் தெப்ப? நீ ஆம்பளைச் சட்டை தெக்க மாட்டே. இது ஒண்ணு மட்டும் தெச்சுக் குடு."

தரையில் மண்டியிட்டு அளவெடுத்தேன். தோள், மார்பு, கை, உயரம், கழுத்து. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதிக்கொள்ளத் தாள் தேடினேன். "எழுதாத. தாளு தொலஞ்சு போகும், உன் கையில தாளு நிக்காது. மனசுல வெச்சுக்க" என்றார். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார்.

பிறகு வெட்டினார். பட்டன்களை முதலில் நறுக்கினார். கழுத்துப்பட்டியைப் பிரித்தார். முதுகைக் கைக்கு அடக்கமாக வெட்டினார். எல்லாம் வழக்கப்படி. இறந்தவர்களின் துணிக்குச் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கடைசித் துண்டு வரை அவர் அதைச் சொல்லவில்லை.

வெட்டி முடித்து எழுந்து, குடோனுக்குப் பின்னால் கை கழுவுகிற குழாயடிக்குப் போனார். வாளியை நிரப்பிக் கட்டிய சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். பாய் எல்லோரையும் அந்தப் பக்கம் போக விடாமல் வாசலில் நின்றுகொண்டார். ஈரம் சொட்டச் சொட்ட என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில், "கடையில நிறுத்து, பால் வாங்கோணும்" என்றார். மகளிடம் சொல்லிவிட்டு வந்ததை மறக்கவில்லை.

வாசலில் சௌமியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். "ஏம்மா, தலைக்கு ஊத்தியிருக்கறீங்க?" என்று கேட்டவள், அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு தண்ணீரில் போயிருந்தது. அக்கா பால் பாக்கெட்டை நீட்டினார். "கிட்ட வராத சாமி. சொட்டுது பாரு, வழுக்கிப் போடும்."

சௌமியா பாலை வாங்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சினாள். "ஊடு எப்படி இருக்குதும்மா?" என்றாள், வேறு எதையாவது பேச வேண்டுமே என்று.

அக்கா உள்ளே எட்டி அட்டாலியைப் பார்த்தார். "நல்லா இருக்குது சாமி. வெளிச்சமா இருக்குது" என்றார்.

இன்றைக்கு வரைக்கும் சௌமியா, அம்மாவே மனம் தேறித்தான் அப்பா துணியைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். மறுநாளே ஏர்கூலர், பிளாஸ்க், பாட்டுப் பெட்டி, செருப்பு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு அக்காவே எடுத்துக் கொடுத்தார். "துணியே போயிருச்சு, இதுகளை வெச்சுக்கிட்டு என்ன?" என்றார். பேத்தி பிறந்தாள். அட்டாலிக் கம்பியில் தூளி கட்டினார்கள். இப்போது அந்த வீடு என் வீட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது. தரையில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். வருஷக்கணக்காக அந்த வீட்டைக் காலி பண்ணு, காலி பண்ணு என்று கத்தியவள் நான்தான். இன்றைக்கு என்னால் அங்கே ஐந்து நிமிஷம் உட்கார முடிவதில்லை.

அக்கா பொட்டு வைப்பதில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. இது என்ன கணக்கு என்று பங்காளிகள் கேட்கிறார்கள். கேட்கிறவர்களை நான்தான் விரட்டுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாத சமயம், அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அளவு ஞாவகம் இருக்குதா சாமி?"

மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னேன். தோள், மார்பு, கை, உயரம், கழுத்து. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எனக்கு அப்போது தையல்காரி புத்திதான் வந்தது. ஆள் போய் இத்தனை வருஷம் ஆயிற்று, வயது ஏறினால் உடம்பும் ஏறும். "கொஞ்சம் லூஸ் வெச்சுத் தெக்கட்டுங்களாக்கா?" என்று கேட்டேன்.

பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"வேண்டாம் சாமி. அதே அளவுலயே தெய்யி. வேளாவேளைக்குச் சோறு போட அங்க ஆரு இருக்கறாங்க? நெம்ப எளச்சுத்தான் போயிருப்பாரு."